ஆடிய காலும் கற்பிக்கும் வாயும்



"ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இளமையில் ஆடிப் பழகிய கால், வயது ஏறிய பின்னும் திடலைக் கண்டால் துறுதுறுக்கும். இதை நம் தோட்டங்களிலேயே பலமுறை கண்டிருக்கிறோம். மாலையில் சிறுவர்கள் பந்து உதைத்துக் கொண்டிருப்பார்கள். திடலோரத்து மரத்தடியில் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பார். ஒரு காலத்தில் தோட்டக் குழுவில் முன்வரிசையில் நின்று ஆடியவர் அவர். சற்று நேரம் பேசாமல் பார்த்துக் கொண்டிருப்பார். பிறகு பொறுக்கமாட்டாமல் எழுந்து, "பந்தை உதைக்கும் முன்னே தலையைத் தூக்கிப் பாருடா!" என்று குரல் கொடுப்பார்.

அந்தக் குரலைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். ஆட்டக்காரர் ஒருவர் ஆசானாக மாறும் வேளை அது. காற்பந்தோ, ரக்பியோ, ஸ்குவாஷோ எதுவாயினும், விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு நாள் அந்தத் தொழில் முடிந்தே தீரும். வழக்கறிஞரும் மருத்துவரும் அறுபது வயதிலும் தம் தொழிலைச் செய்யலாம். விளையாட்டு வீரருக்கோ முப்பத்தைந்து வயதே முதுமை. அதற்குப் பிறகு அவர் என்ன செய்வது? அவர் கற்றது அவரோடு போய்விடுவதா, அடுத்தவர் கைக்கு வந்து சேர்வதா? இந்தக் கேள்விக்கு நம் பினாங்கு மண்ணிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக் கொள்வோம். நன்றாக ஆடத் தெரிந்தவர் எல்லாரும் நன்றாகக் கற்பிப்பாரா? இதற்குப் பதில் சொல்ல நாம் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. ரப்பர் மரத்தடிக்குப் போனால் போதும். நன்றாகப் பால்மரம் சீவும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பட்டையை மெல்லிதாக, சாய்வாக, ஒரே சீராகச் சீவிக் கொண்டு போவார். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம்; குறைந்தால் பால் சுரக்காது. அந்த அளவு அவர் கைக்குத் தெரியும். ஆனால், "அது எப்படி அண்ணே?" என்று புதிதாக வந்த பையன் கேட்டால், "பார்த்துக்கிட்டே இரு, வந்துவிடும்" என்பார். அவர் கைக்குத் தெரிந்தது அவர் வாய்க்குத் தெரியாது. இன்னொருவர் இருப்பார். பையனின் மணிக்கட்டைப் பிடித்து, "இங்கே தளர்த்து, இங்கே நிறுத்து, காலை இப்படி வை" என்று சொல்லித் தருவார். சீவுவதில் முதல்வர் என்று அவருக்குப் பெயர் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவரிடம் பழகிய பையன் ஒரு மாதத்தில் மரத்தைக் காயப்படுத்தாமல் சீவுவான். செய்வது ஒரு கலை, செய்ய வைப்பது வேறொரு கலை. இதை மனத்தில் வைத்துக் கொண்டு ஜார்ஜ் டவுனுக்குள் நுழைவோம்.

ஜார்ஜ் டவுனில் புக்கிட் டும்பார் என்ற மேட்டுப் பகுதி உண்டு. அங்கே ஒரு ஸ்குவாஷ் அரங்கம் இருக்கிறது. ஸ்குவாஷ் என்பதை நம் நாட்டுத் தமிழ் ஏடுகள் சுவர்ப்பந்து என்றும் எழுதுவதுண்டு. பெயருக்கு ஏற்ற விளையாட்டுத்தான். நான்கு சுவருக்குள் இருவர் நின்று, மட்டையால் ஒரு சிறு பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிக்க வேண்டும். கூடத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். பந்து தரையில் இரண்டாம் முறை குதிப்பதற்குள் எதிராளி அதைத் திருப்பி அடிக்க வேண்டும். தவறினால் மற்றவருக்குப் புள்ளி. முதலில் 11 புள்ளி எடுப்பவருக்கு அந்த ஆட்டம். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றவருக்குப் போட்டி.

இந்தப் பந்தைப் பற்றி நாம் ஒரு செய்தி அறிந்து கொள்ள வேண்டும். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் குறுக்களவும் 24 கிராம் எடையும் கொண்ட அது, ரப்பர்க் கலவையால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர்கள், ஓட்டையான ரப்பர் பந்து சுவரில் பட்டு நசுங்குவதைக் கண்டு இந்த விளையாட்டை உருவாக்கினார்கள். நசுங்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே விளையாட்டுக்குப் பெயராகியது. இன்றும் அந்தப் பந்து குளிர்ந்திருக்கும்போது சரியாகக் குதிக்காது. அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் உயிர் பெறும். ரப்பரோடு வாழ்ந்த நமக்கு இந்தச் செய்தி சற்று நெருக்கமாகவே படுகிறது அல்லவா?

அந்தப் புக்கிட் டும்பார் அரங்கத்துக்கு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் அக்காமார் இருவரோடு வந்தாள். அவள் பெயர் நிக்கோல் டேவிட். 1983 ஆகஸ்டு 26ஆம் நாள் பினாங்கில் பிறந்தவள். தந்தை இந்திய வம்சாவளியினர், பொறியாளர். தாயார் சீன வம்சாவளியினர், பள்ளி ஆசிரியை. வீட்டில் மூன்று பெண்கள்; மூவரும் ஸ்குவாஷ் ஆடினார்கள். கடைக்குட்டியின் கால்கள் மட்டும் வேறுவிதமாக ஓடின. பந்து எந்த மூலைக்குப் போனாலும் அவள் அங்கே நிற்பாள்.

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது நிக்கோலுக்கு வயது பதினைந்து. நாட்டுக்காக அந்தக் களத்தில் இறங்கினார். அதே ஆண்டின் இறுதியில் பேங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 1999இல் உலக இளையோர் வெற்றியாளர் பட்டம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்குவாஷைத் தொழிலாக ஏற்றுக் கொண்டார். 2001இல் உலக இளையோர் போட்டி நம் பினாங்கிலேயே நடந்தது. பிறந்த ஊர் மக்களின் கண்முன்னே இரண்டாம் முறையும் பட்டம் வென்றார். அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பட்டத்தை இருமுறை வென்றதில்லை.

இதுவரை எல்லாம் ஏறுமுகம். ஆனால் நேயர்களே, நமக்குப் பாடம் சொல்லும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

2002ஆம் ஆண்டு தென்கொரியாவின் பூசான் நகரில் ஆசியப் போட்டி நடந்தது. தங்கம் நிக்கோலுக்குத்தான் என்று நாடே எதிர்பார்த்தது. இறுதிப் போட்டியில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியுவிடம் அவர் தோற்றார். வயது பத்தொன்பது. இளையோர் பட்டங்களை அள்ளிக் கொண்டு வந்தவருக்கு அது பலத்த அடியாக இருந்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தார். பத்தொன்பது வயதில் மனம் ஒடிந்து, திறமையோடு காணாமற்போன பிள்ளைகள் எத்தனை பேர்! நம் தோட்டங்களிலும் பார்த்திருக்கிறோம். மாவட்டம், மாநிலம் என்று ஓடி வென்ற பிள்ளை, ஒரு தோல்விக்குப் பின் காலணியைக் கழற்றி வைத்துவிடும். "அவனுக்கு அவ்வளவுதான்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த வேளையில் பிள்ளைக்கு வேண்டியது பாராட்டும் அன்று, திட்டும் அன்று. என்ன தவறியது என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆசான்தான் வேண்டும்.

நிக்கோல் 2003இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். அங்கே லிஸ் இர்விங் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி பயிற்றுநராக இருந்தார். இந்த அம்மையாரின் கதையை நாம் கவனமாகக் கேட்க வேண்டும். இவரும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியவர். 1993ஆம் ஆண்டு உலகப் போட்டியின் இறுதி வரை வந்து, தம் நாட்டவரான மிஷல் மார்ட்டினிடம் தோற்றவர். தனிநபர் உலகப் பட்டம் அவருக்குக் கடைசி வரை கிட்டவே இல்லை.

"உலகப் பட்டம் வெல்லாதவர் உலகப் பட்டத்துக்கு வழிகாட்டுவாரா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஏன் முடியாது? ஒரு படி குறைவாக நின்றவருக்கு அந்த ஒரு படியின் உயரம் நன்றாகத் தெரியும். எங்கே கால் இடறியது என்று அவர் பல இரவு எண்ணிப் பார்த்திருப்பார். எளிதாக வென்றவருக்கு அந்த எண்ணம் வர வேண்டிய தேவையே இருந்திராது. சொல்லித் தரும் கலை பெரும்பாலும் அப்படி எண்ணிப் பார்த்தவரிடமே பிறக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் நிக்கோலின் ஆட்டம் அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டப்பட்டது. ஓட அவருக்குத் தெரியும். எப்போது ஓட வேண்டாம் என்று கற்க வேண்டியிருந்தது. ஸ்குவாஷ் கூடத்தின் நடுவில் கோடுகள் சேரும் ஓர் இடம் உண்டு. அடித்த ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்த இடத்துக்குத் திரும்பி வருபவரே ஆட்டத்தை ஆள்வார். அதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. பந்தே இல்லாமல், மட்டையை மட்டும் ஏந்திக் கொண்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் போய், அடிப்பது போல் வீசி, மீண்டும் நடுவுக்கு வர வேண்டும். நூறு முறை, இருநூறு முறை. பார்ப்பவருக்கு ஆள் பேயோடு ஆடுவது போல் இருக்கும். அதனால் அதற்கு ஆங்கிலத்தில் பேய்ப்பயிற்சி என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் சலிப்பூட்டும் வேலையை நாள்தோறும் செய்ய வைப்பதே பயிற்றுநரின் பாதி வேலை.

பலன் வந்ததா? 2005 டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ரேச்சல் கிரின்ஹாமை வென்று நிக்கோல் உலக வெற்றியாளர் ஆனார். 2006 ஜனவரியில் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். ஆசியாவிலிருந்து அந்த இடத்தை அடைந்த முதற்பெண் அவரே. இடையில் சில மாதம் இறங்கினாலும், 2006 ஆகஸ்டில் மீண்டும் ஏறியவர், 2015 வரை ஒன்பது ஆண்டுகள் அந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை. 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலகப் பட்டம். பிரிட்டிஷ் ஓபன் பட்டம் ஐந்து முறை. 2010இல் டில்லியிலும் 2014இல் கிளாஸ்கோவிலும் காமன்வெல்த் தங்கம். 2008ஆம் ஆண்டு, இருபத்து நான்கு வயதில், பினாங்கு மாநிலம் அவருக்கு டத்தோ பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. புக்கிட் டும்பார் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கியது.

தனிநபர் உலகப் பட்டம் ஒன்றுகூட இல்லாத ஆசான், எட்டுப் பட்டம் பெற்ற மாணவி. தம் கையால் எட்ட முடியாததை இர்விங் அம்மையார் மாணவியின் கையால் எட்டினார். இதைவிட வேறு சான்று நமக்கு வேண்டுமா?

2014ஆம் ஆண்டு டிசம்பரில் எகிப்தின் கெய்ரோ நகரில் நடந்த உலக இறுதிப் போட்டியை மட்டும் சொல்லி மேலே போவோம். எதிரே நின்றவர் அந்நாட்டு வீராங்கனை ரனீம் எல் வெலிலி. அரங்கம் முழுவதும் அவர் பக்கம். ஐந்தாவது ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் அவருக்கு. அப்படிப்பட்ட நான்கு புள்ளிகளை நிக்கோல் ஒவ்வொன்றாகத் தடுத்து, ஆட்டத்தைத் திருப்பி, பட்டத்தை வென்றார். 2002இல் ஒரு தோல்வியில் மட்டையைக் கீழே வைத்த அதே பெண்தான் இவர். பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி கால்களோடு நிற்கவில்லை, மனத்துக்குள்ளும் இறங்கியிருந்தது.

ஆயினும் காலம் யாரையும் விடுவதில்லை. உயர்நிலைப் போட்டி ஒன்று ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அந்த நேரம் முழுவதும் நெஞ்சு துடித்த வண்ணம் இருக்கும். முழங்காலும் இடுப்பும் நொடிக்கு நொடி வளைந்து நிமிரும். முப்பது வயதைக் கடந்தால், நேற்றைய களைப்பு இன்று காலையிலும் உடலில் நிற்கும். 2015இல் நிக்கோல் முதலிடத்தை இழந்தார். பிறகு மெல்ல மெல்ல இறங்கினார்.

ஒரு குறை அவருக்கு இருந்தது. அவர் ஆடிய காலம் முழுவதும் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் இல்லை. 2012க்கும் 2016க்கும் 2020க்கும் அந்த விளையாட்டைச் சேர்க்கக் கேட்டார்கள். மூன்று முறையும் கிடைக்கவில்லை. அதற்காக முன்னின்று பேசியவர்களில் நிக்கோலும் ஒருவர். கடைசியில் 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்க்க முடிவு செய்தது. அப்போது நிக்கோல் ஆட்டத்திலிருந்து விலகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் நடாத மரத்தின் பழத்தை மற்றவர் உண்பது உலகில் உண்டு. தாம் நட்ட மரத்தின் பழத்தை அடுத்த தலைமுறைக்கென்று விட்டுப் போகிறவர்களும் உண்டு.

அந்த அடுத்த தலைமுறையில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது. பினாங்குக்குப் பக்கத்திலுள்ள கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரைச் சேர்ந்த எஸ். சிவசங்கரி. 1999இல் பிறந்தவர், நிக்கோல் முதன்முதலாக உலக இளையோர் பட்டம் வென்ற ஆண்டு அது. 2018 ஆகஸ்டில் ஜக்கார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் இவ்விருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். வெண்கலம் பெற்ற இருவரும் சென்னையைச் சேர்ந்த தீபிகா பள்ளிக்கலும் ஜோஷ்னா சின்னப்பாவும். அன்று நிக்கோலுக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். சிவசங்கரிக்குப் பத்தொன்பது வயது. ஐந்து ஆட்டங்கள் வரை போட்டி நீண்டது. நிக்கோல் வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் பிரிவில் அவருக்கு அது ஐந்தாவது தங்கம். அடுத்த ஆண்டு, 2019இல், அவர் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

சிவசங்கரியின் பாதையும் பூப்பாதை அன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டே ஆடினார். 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கி, முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிவு ஏற்பட்டது. மீண்டும் ஆடுவாரா என்றே பலர் ஐயுற்றார்கள். 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம் அவர் கழுத்தில் விழுந்தது. 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். படிப்பை விட்டால்தான் விளையாட்டு வரும் என்று எண்ணும் பெற்றோரும், விளையாடினால் படிப்பு கெடும் என்று அஞ்சும் பெற்றோரும் இந்தப் பெண்ணை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். ஆட்டம் முடிந்த பின் என்ன?

பினாங்கு இதற்கு ஒரே விடை தரவில்லை. ஓங் பெங் ஹீ என்ற பினாங்கு இளைஞர் 1998இல் உலக இளையோர் வெற்றியாளர் ஆனார். தொழில்முறை ஆட்டத்தில் உலகின் ஏழாம் இடம் வரை ஏறினார். ஆட்டம் முடிந்ததும் முழுநேரப் பயிற்றுநர் ஆனார். பின்னர் அமெரிக்க தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநராகவும் பொறுப்பேற்றார். பெரிய நாடு ஒன்று தன் வீரர்களை உருவாக்க நம் ஊர்ப் பிள்ளையின் கையை நாடியது. வென்றவர்களை மேலும் வெல்ல வைப்பது அவர் தேர்ந்த வழி.

நிக்கோல் தேர்ந்தது வேறு வழி. தம் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். வருமானம் குறைந்த குடும்பங்களின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, அவர்களுக்கு ஸ்குவாஷும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மட்டை பிடித்தறியாத கைகளுக்கு மட்டை. பேசக் கூசும் வாய்களுக்குச் சொல். இந்தப் பிள்ளைகள் எல்லாரும் உலக வெற்றியாளர் ஆகப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நேரத்துக்கு வருவது, தோற்றால் கை குலுக்குவது, நாளை மீண்டும் முயல்வது ஆகியவற்றை ஒரு பிள்ளை கற்றுக் கொண்டால், அது எந்த வேலைக்குப் போனாலும் உதவும் அல்லவா?

ஆட்டக்காரர் ஆசானாக மாற மூன்று காரியங்களைப் புதிதாகக் கற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலாவது, தம் கைக்குத் தெரிந்ததைச் சொல்லாக்க வேண்டும். "இப்படி அடி" என்று அடித்துக் காட்டினால் மட்டும் போதாது. பிள்ளையின் தோள் எங்கே இருக்கிறது, பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் பத்துக் குறை சொன்னால் பிள்ளை பத்தையும் மறந்துவிடும்.

இரண்டாவது, தம்மை மறக்க வேண்டும். பழைய வீரருக்குத் தம் காலத்துப் பெருமை நாவின் நுனியிலேயே இருக்கும். "நான் உன் வயதில்..." என்று தொடங்கினால் பிள்ளை அதோடு காதை மூடிக் கொள்ளும். எதிரே நிற்கும் பிள்ளை அவரைப் போன்றவன் அல்லன். உயரமானவனுக்கு ஒரு முறை, குட்டையானவனுக்கு ஒரு முறை. துணிந்தவனுக்கு ஒரு சொல், கூச்சமுள்ளவனுக்கு வேறொரு சொல்.

மூன்றாவது, பொறுக்க வேண்டும். வீரருக்குப் போட்டி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பயிற்றுநருக்குப் பலன் வர ஆண்டுகள் ஆகும். ரப்பர்க் கன்றை நட்டு, ஐந்தாறு ஆண்டுகள் களை பிடுங்கி உரமிட்ட பின்பே உளி வைக்கிறோம். பிள்ளைகளிடம் மட்டும் முதல் மாதமே பால் கேட்கலாமா? இளம் எலும்பையும் மூட்டையும் ஓய்வில்லாமல் வருத்தினால், பிஞ்சு மரத்தில் ஆழமாக வெட்டியது போலத்தான் ஆகும். கடும் பயிற்சிக்கு மறுநாள் இலகுவான பயிற்சி என்பதும், வலியை மறைக்காமல் சொல்லப் பிள்ளையைப் பழக்குவதும் நல்ல ஆசானின் அடையாளங்கள்.

நேயர்களே, தோட்டங்களில் முன்பிருந்த கூட்டம் இப்போது இல்லை என்பதை நாம் அறிவோம். பலர் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பழைய திடல்களில் சில வீடுகளாகிவிட்டன. சிலவற்றில் புல் முளைத்துக் கிடக்கிறது. திடல் போனால் போகட்டும் என்று விடலாகாது. ஏனெனில் திடலோரத்தில் அமர்ந்து குரல் கொடுத்த அந்தப் பெரியவரும் அதோடு போய்விடுகிறார். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைக்கு ஒரு திடலும் ஓர் ஆசானும் இருந்தால், தவறான கூட்டம் கூப்பிட்டாலும் போக அவனுக்கு நேரம் இருக்காது.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இது. உங்கள் பிள்ளை விளையாட்டில் ஆர்வம் காட்டினால், விலை உயர்ந்த காலணியைத் தேடும் முன் நல்ல ஆசானைத் தேடுங்கள். பள்ளியின் புறப்பாட ஆசிரியரிடம் பேசுங்கள். தேர்ந்த பிள்ளைகளுக்கென்று புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்ற அரசாங்கப் பள்ளிகள் உண்டு. அவற்றில் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கின்றன. பெண் பிள்ளை என்று தயங்க வேண்டாம். இன்று நாம் பேசிய கதை முழுவதும் ஆசானும் மாணவியுமாகிய இரு பெண்களின் கதைதானே?

ஒரு காலத்தில் ஆடிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு சொல். பயிற்றுநராவதற்கு முறையான படிப்பு நம் நாட்டில் இருக்கிறது. தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்றுநர் கலைக்கூடம் சான்றிதழ் வகுப்புகளை மூன்று நிலைகளாக நடத்துகிறது. உடலின் இயக்கம், பயிற்சியின் அளவு போன்ற விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி; தேர்ந்தெடுத்த விளையாட்டின் நுட்பம் இன்னொரு பகுதி. உங்கள் மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் பள்ளிகளும் சங்கங்களும் உங்களை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கும். உங்கள் உழைப்புக்கு ஊதியமும் கிடைக்க வழி உண்டு. சான்றிதழ் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை, பத்துப் பிள்ளைகள், ஒரு பந்து. இது போதும், தொடங்கலாம்.

மாநிலத்துக்கு ஆடவில்லையே, பட்டம் ஒன்றும் பெறவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். இறுதிப் போட்டியில் தோற்ற லிஸ் இர்விங்கை நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் இடறிய இடம் உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்று, பின்னால் வரும் பிள்ளைக்கு, "இங்கே பார்த்துக் கால் வை" என்று சொன்னால் போதும்.

திடலோரத்துப் பெரியவர் இன்று மாலையும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்தால், "ஐயா, கொஞ்சம் உள்ளே வந்து சொல்லிக் கொடுங்களேன்" என்று யாராவது ஒருவர் அழைக்க வேண்டும். அந்த அழைப்புக்காகவே அவர் காத்திருக்கிறார் என்று நாம் நம்புகிறோம்.